அரைநாள் வேலை, சீசன் வேலை செய்பவர்கள் ஈ.ஐ. எடுப்பது எப்படி

நத்தார் முடிந்த கையோடு ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்து வேர்ஹவுஸ்களில் ஆட்குறைப்புத் தொடங்கிவிடும். ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வரும் டெக்ஸ்டில் "இந்தக் கிழமை ஷிப்ட் இல்லை, இருந்தால் கூப்பிடுவோம்" என்றுதான் இருக்கும். வேலை போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையிழப்புக் காப்பீட்டுக்கு, அதாவது ஈ.ஐ.க்கு, விண்ணப்பிக்கலாமா, காத்திருப்பதா என்று தெரியாமல் நாட்கள் ஓடிவிடும்.

நான் ஏஜென்சி மூலம் பொதி கட்டும் வேலையும், சனி ஞாயிறில் ஒரு கடையில் கவுன்டர் வேலையும் செய்தவள். முழுநேர வேலை செய்து லே ஓஃப் ஆன, அதாவது வேலைக் குறைவால் நிறுத்தப்பட்ட, ஒருவருக்கு ஈ.ஐ. எடுப்பது பெரிய விஷயமில்லை. எங்களைப் போல இரண்டு மூன்று துண்டு வேலை செய்பவர்களுக்குத்தான் அது இழுபறி. அதனால் நான் விசாரித்துப் பிடித்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இது ஒன்ராறியோவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆனால் ஈ.ஐ. மத்திய அரசின் திட்டம் என்பதால் சட்டம் கனடா முழுக்க ஒன்றுதான்.

1. வேலை இருக்கும்போதே மணித்தியாலத்தை எண்ணுங்கள்

ஈ.ஐ. கிடைக்குமா இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது உங்கள் சம்பளம் அல்ல, மணித்தியாலம். கடந்த 52 கிழமைகளில் நீங்கள் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று பார்ப்பார்கள். தேவையான மணித்தியாலம், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 க்கும் 700 க்கும் இடையில் இருக்கும். வீதம் 6 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் 700 வேண்டும். 7.1 முதல் 8 வரை என்றால் 630. 8.1 முதல் 9 வரை என்றால் 595. 13 ஐத் தாண்டினால் 420 போதும். இந்த வீதத்தை மாதா மாதம் மாற்றுவார்கள். ஈ.ஐ.யைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான சேர்விஸ் கனடாவின் இணையதளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் அன்றைய நிலவரம் தெரியும். வேலை எங்கே என்பது கணக்கில்லை, வீடு எங்கே என்பதுதான் கணக்கு. ஓஷவாவில் வேலை செய்து ரொறன்ரோவில் இருப்பவருக்கு ரொறன்ரோ எண்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு நேரம் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை, நாளுக்கு 2 மணித்தியாலம் என்று வையுங்கள். கிழமைக்கு 10, வருடத்துக்கு ஏறக்குறைய 38 கிழமை, மொத்தம் 380. எந்தப் பகுதியிலும் போதாது. அதே ஆள் சனிக்கிழமைகளில் 8 மணித்தியாலம் வேறெங்காவது வேலை செய்தால் வருடத்தில் இன்னும் 400 சேர்ந்து 780 ஆகிவிடும். எல்லா வேலையின் மணித்தியாலங்களையும் கூட்டலாம் என்பது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் ஏற்கெனவே ஈ.ஐ. எடுத்திருந்தால் 52 கிழமை முழுதாகக் கிடைக்காது. போன விண்ணப்பம் தொடங்கிய நாளுக்குப் பிறகு செய்த மணித்தியாலம் மட்டும்தான் எண்ணப்படும். ஒவ்வொரு குளிர்காலமும் ஈ.ஐ. எடுக்கும் தோட்டவேலை, கூரைவேலை, தார்வேலை ஆட்களை இது பிடிக்கும். சித்திரை முதல் கார்த்திகை வரை நல்ல வேலை இருந்தால் பயமில்லை. மழையாலோ கொன்ட்ராக்ட் குறைந்ததாலோ சீசன் பாதியில் நின்றால் அடுத்த முறை மணித்தியாலம் தட்டுப்படும். அட்லான்டிக் மாகாணங்கள், கியூபெக், யூக்கொன் ஆகியவற்றில் 13 பகுதிகளில் சீசன் வேலையாட்களுக்கு 5 கிழமை வரை கூடுதலாகத் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் அது இல்லை, யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள்.

உடம்பு சரியில்லாததால் வேலை செய்ய முடியாமல் போன கிழமைகள் இருந்தால், மருத்துவக் கடிதத்தைக் காட்டி அந்த 52 கிழமையை நீட்டிக் கேட்கலாம். அதிகபட்சம் 104 வரை போகும். படிவத்தில் இதைக் கேட்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

2. எந்த மணித்தியாலம் செல்லும், எது செல்லாது

உங்கள் சம்பளச் சிட்டையை எடுங்கள். ஈ.ஐ. என்று ஒரு கழிவு இருக்கிறதா? 2026 இல் அது ஒவ்வொரு 100 டொலருக்கும் 1.63 டொலர். அந்த வரி இருந்தால் அந்த மணித்தியாலம் செல்லும். இல்லையென்றால் இன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கையில் காசு வாங்கும் வேலைக்குக் கணக்கு இல்லை. சிலர் பாதியைக் காசோலையாகவும் பாதியைக் காசாகவும் தருவார்கள். அப்போது வரி மிச்சம் என்று தோன்றும். லே ஓஃப் ஆன பிறகு பார்த்தால் பாதி மணித்தியாலம் காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று, "நீங்கள் கொன்ட்ராக்டர், உங்களுக்கு ரி4ஏ தருவோம்" என்பது. ரி4ஏ என்பது ஊழியர் அல்லாதவருக்குக் கொடுக்கும் வரித்தாள். துப்புரவு வேலையிலும் டெலிவரியிலும் இது சாதாரணம். நேரத்தை அவர்கள் தீர்மானித்து, சாமானையும் அவர்களே தந்து, உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பவும் விடாவிட்டால், ரி4ஏ என்று எழுதிவிட்டதால் மட்டும் நீங்கள் சுயதொழிலாளி ஆகிவிட மாட்டீர்கள். நீங்கள் ஊழியரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும்படி வரி அலுவலகமான சி.ஆர்.ஏ.யைக் கேட்கலாம். கட்டணம் இல்லை. வேலை செய்த வருடத்துக்கு அடுத்த வருடம் ஜூன் 29 க்குள் கேட்க வேண்டும். டெக்ஸ்ட், ஷிப்ட் அட்டவணை, வங்கிக் கணக்கு விபரம் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

சொந்தக்காரரின் கடையில் வேலை செய்பவர்கள் வேறு விதமான கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். வெளியாளுக்கும் இதே சம்பளம், இதே நேரம் கொடுத்திருப்பார்களா என்று கேட்பார்கள். இல்லை என்று முடிவானால் அந்த மணித்தியாலம் காப்பீட்டுக்குள் வராது.

3. சின்ன வேலையை விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தகுந்த காரணம் இல்லாமல் ஒரு வேலையை நீங்களாக விட்டால், அந்த வேலையின் மணித்தியாலம் மட்டும் போகாது. அந்த நாளுக்கு முன் வேறு இடங்களில் செய்த மணித்தியாலமும் சேர்ந்து போகும். மறுபடி ஒன்றிலிருந்து சேர்க்க வேண்டும். ஐப்பசியில் கோப்பிக் கடை வேலையைத் தூரம் என்று விடுகிறீர்கள், தை மாதம் வேர்ஹவுஸ் லே ஓஃப் செய்கிறது என்று வையுங்கள். ஐப்பசிக்குப் பின் செய்த மணித்தியாலம் மட்டும்தான் மிஞ்சும். கோப்பிக் கடையில் கிழமைக்கு 6 மணித்தியாலம்தான் செய்தேன் என்று சொல்லி வேலையில்லை.

தகுந்த காரணங்கள் இருக்கின்றன. துன்புறுத்தல், உடலுக்கு ஆபத்தான வேலை, கணவரோ மனைவியோ வேறு நகரத்துக்குப் போவதால் கூடப் போக வேண்டி வருவது, சம்பளத்தை அல்லது நேரத்தைப் பெரிதாக மாற்றிவிடுவது. ஆனால் விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மனேஜரிடம் முறையிட்டீர்களா, நேரம் மாற்றிக் கேட்டீர்களா என்று கேட்பார்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. ஒரு டெக்ஸ்டாவது போட்டு வையுங்கள்.

இதற்கு எதிர்ப்புறமாக இன்னொரு சிக்கல். முதலாளி உங்களை நிறுத்தவில்லை, 30 மணித்தியாலத்தை 8 ஆகக் குறைத்துவிட்டார். சாதாரண ஈ.ஐ.க்கு இது போதாது. அந்த வேலையில் தொடர்ந்து 7 நாட்கள் வேலையும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு ஷிப்ட் தந்துகொண்டே இருந்தால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். நியாயமில்லைத்தான், ஆனால் விதி அப்படி. இரண்டு வேலை செய்பவருக்கு ஒரு வேலை முற்றாக நின்றுவிட்டால் விண்ணப்பிக்கலாம். மற்ற வேலையைத் தொடரலாம், அதன் வருமானத்தைக் காட்டினால் சரி.

4. ஆர்.ஓ.ஈ.யைக் கேட்டு வாங்குங்கள்

முதலாளி உங்கள் மணித்தியாலத்தையும் வருமானத்தையும் வேலை நின்ற காரணத்தையும் எழுதித் தருவது வேலைப் பதிவுத் தாள், எல்லோரும் சொல்வது ஆர்.ஓ.ஈ. கடந்த 52 கிழமையில் வேலை செய்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒன்று வேண்டும், ஒரு மாதம் மட்டும் செய்த இடமாக இருந்தாலும். பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது நேரடியாகக் கணினி வழியாக சேர்விஸ் கனடாவுக்கு அனுப்புகின்றன. உங்கள் மை சேர்விஸ் கனடா அக்கவுண்டில் அதைப் பார்க்கலாம்.

ஏஜென்சி வேலைக்காரர் அறிய வேண்டியது: கூப்பிட்டால் வரும் வேலையாட்களுக்கு ஒவ்வொரு இடைவெளிக்கும் அவர்கள் தாங்களாக ஆர்.ஓ.ஈ. போட வேண்டியதில்லை. 30 நாட்கள் வேலையும் வருமானமும் இல்லாமல் போனால் போட வேண்டும், அல்லது 7 நாள் இடைவெளி வந்து நீங்கள் கேட்டால் போட வேண்டும். ஆகவே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். "எனது கடைசி ஷிப்ட் இந்தத் தேதி, 7 நாளுக்கு மேல் வேலை தரப்படவில்லை, ஆர்.ஓ.ஈ. அனுப்பவும்" என்று இரண்டு வரி போதும். என் ஏஜென்சி "உங்கள் பெயர் இன்னும் லிஸ்டில் இருக்கிறது, அதனால் தர முடியாது" என்று இழுத்தது. கேட்டால் தர வேண்டும் என்ற விதியை மின்னஞ்சலில் எழுதிய பிறகுதான் வந்தது.

வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். 15ஏ கட்டத்தில் மொத்த மணித்தியாலம். 15சி கட்டத்தில் ஒவ்வொரு சம்பளக் காலத்துக்கும் உரிய வருமானம். 16 ஆம் கட்டத்தில் காரணம். காரணம் 'ஏ' என்றால் வேலைக் குறைவு, உங்களுக்கு நல்லது. 'ஈ' என்றால் நீங்களாக விட்டீர்கள், 'எம்' என்றால் நீக்கப்பட்டீர்கள். ஷிப்ட் ஒன்றை மறுத்ததற்காக 'ஈ' போட்டுவிடுகிற இடங்கள் உண்டு. என்னுடையதில் காரணம் சரி, மணித்தியாலம் குறைவு. ஒரே ஏஜென்சி என்னை இரண்டு வேர்ஹவுஸ்களுக்கு அனுப்பியிருந்தது, ஒன்றின் மணித்தியாலம் மட்டும் 15ஏ இல் இருந்தது. 15சி இல் நான் வேலை செய்த மாதத்துக்கே நேராக வரிசையாக 0 கிடந்தது. சம்பளச் சிட்டைகளை அந்தத் தேதிகளுக்கு நேரே வைத்துக் காட்டியதும் திருத்திய தாளை அனுப்பினார்கள். சிட்டை இல்லாதிருந்தால் என் பேச்சுக்கு மதிப்பில்லை. ஏஜென்சி இணையப்பக்கத்தில் சிட்டை கிடக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், வேலை நின்றதும் உள்ளே போகும் வழியையும் மூடிவிடுவார்கள். மாதாமாதம் இறக்கி வையுங்கள்.

5. 4 கிழமைக்குள் விண்ணப்பியுங்கள்

ஆர்.ஓ.ஈ. வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி வேலைநாளிலிருந்து 4 கிழமைக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பிந்தினால் பணத்தை இழக்கலாம். பிந்தியதற்கு நல்ல காரணம் காட்டி முற்திகதி, அதாவது முந்திய தேதியிலேயே விண்ணப்பித்ததாகக் கணக்கெடுக்கும்படி, கேட்கலாம், ஆனால் "எனக்குத் தெரியாது" என்பதை அநேகமாக ஏற்க மாட்டார்கள்.

விண்ணப்பம் இணையத்தில், ஒரு மணித்தியால வேலை. பாதியில் நிறுத்தினால் 72 மணித்தியாலம் சேமித்து வைத்திருக்கும். கையில் இருக்க வேண்டியவை: சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), பெற்றோரில் ஒருவரின் (அம்மாவுடையதாக இருக்கலாம்) பிறப்புக் குடும்பப் பெயர், வங்கிக் கணக்கு விபரம், 52 கிழமைக்குள் வேலை செய்த எல்லா இடங்களின் பெயரும் தேதிகளும், ஒவ்வொன்றும் ஏன் நின்றது என்பது, அதிக சம்பளம் எடுத்த கிழமைகளின் தொகை. அம்மாவுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எங்கள் வழக்கில் இல்லையே என்று யோசிப்பீர்கள். சின் நம்பர் எடுத்தபோது என்ன எழுதினீர்களோ அதையே எழுதுங்கள். சின் 9 இல் தொடங்கினால் வேலை அனுமதி செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள்.

செலவு ஒன்றும் இல்லை. நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், சின் நம்பரையும் கொடுக்க வேண்டாம். குடியேறியோருக்கு உதவும் நிலையங்களில் இலவசமாகச் செய்து தருவார்கள். தொலைபேசியில் கதைக்க 1-800-206-7218.

எல்லாம் சரியாக இருந்தால் முதல் பணம் ஏறக்குறைய 28 நாளில் வரும். அதில் முதல் கிழமைக்குப் பணம் இல்லை, அது காத்திருப்புக் கிழமை. 2025 இல் அமெரிக்கத் தீர்வைச் சிக்கலின்போது அதைத் தற்காலிகமாக நீக்கினார்கள். இப்படியான சலுகைகள் வந்து போகும், விண்ணப்பிக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று பாருங்கள். எப்படியும் ஒரு மாத வாடகைக்கு வேறு வழி பார்த்து வையுங்கள்.

6. எவ்வளவு, எத்தனை கிழமை

உங்கள் மிகச் சிறந்த கிழமைகளை எடுத்து அவற்றின் சராசரியில் 55 சதவீதம். பகுதியைப் பொறுத்து 14 முதல் 22 கிழமைகளை எடுப்பார்கள். ஏறியிறங்கும் சம்பளக்காரருக்கு இது நல்லது, காய்ந்த கிழமைகளை விட்டுவிடுவார்கள். நத்தார் காலத்து ஓவர்டைம் இங்கேதான் உதவும். சிறந்த கிழமைகளின் சராசரி 480 டொலர் என்றால் கிழமைக்கு 264 டொலர். 2026 இல் உச்சவரம்பு கிழமைக்கு 729 டொலர். குடும்பத்தின் நிகர வருமானம் 25,921 டொலருக்குள் இருந்து, பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் பெற்றால், சதவீதம் 80 வரை ஏறலாம். அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

14 முதல் 45 கிழமை வரை கிடைக்கும். குறைந்த மணித்தியாலத்தில் தகுதி பெற்றவர் 45 ஐ எதிர்பார்க்கக் கூடாது. இது வரி கட்ட வேண்டிய வருமானம், மறு வருடம் ரி4ஈ என்ற வரித்தாள் வரும்.

சாதாரண ஈ.ஐ.க்கு மணித்தியாலம் போதவில்லை, ஆனால் 600 இருக்கிறது, உடம்பும் சரியில்லை என்றால் நோய்க்கால உதவியைப் பாருங்கள். அது 26 கிழமை வரை உண்டு. பிள்ளைப்பேற்று உதவிக்கும் அதே 600 தான்.

7. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிக்கை

தபாலில் 4 இலக்க அணுகல் எண் வரும். விளம்பரத் தாள்களோடு எறிந்துவிடாதீர்கள். அதை வைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிக்கை போட வேண்டும். 3 கிழமைக்கு மேல் பிந்தினால் பணம் நின்றுவிடும்.

இடையில் ஒரு ஷிப்ட் கிடைத்தால் போங்கள், நட்டமில்லை. உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம்தான் கழிப்பார்கள். மேலே சொன்ன 264 டொலர்க்காரர் ஒரு கிழமையில் 120 டொலர் உழைத்தால் 60 கழிந்து 204 வரும், ஆக மொத்தம் 324. பழைய சராசரியின் 90 சதவீதம், இவருக்கு 432 டொலர், அதற்கு மேல் உழைத்தால் டொலருக்கு டொலர் கழியும். முழுக் கிழமை வேலை செய்தால் அந்தக் கிழமைக்கு ஈ.ஐ. இல்லை.

ஆட்கள் மாட்டுப்படுவது தேதியில். கிழமை என்றால் ஞாயிறு முதல் சனி வரை. பணம் கையில் வந்த கிழமையை எழுதக் கூடாது, வேலை செய்த கிழமையை எழுத வேண்டும். ஏஜென்சி சம்பளம் ஒன்றிரண்டு கிழமை பிந்தித்தான் வரும் என்பதால் நீங்களே மணித்தியாலத்தைக் குறித்து, கழிவுகளுக்கு முந்திய தொகையைப் போடுங்கள். பிறகு முதலாளியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் திருப்பிக் கட்டும்படி கடிதம் வரும், தண்டமும் வரலாம்.

வேலை தேடிய பதிவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தேதி, இடம், யாரோடு கதைத்தேன், என்ன பதில். எப்போதும் கேட்க மாட்டார்கள், கேட்டால் காட்ட வேண்டும். முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் வேலைக்குத் தயாரில்லை என்றே முதலில் கருதப்படுவார்கள்.

8. ஊருக்குப் போய் வருவது

வேலை இல்லாத நேரம்தானே, யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம் நின்று வரலாம் என்று நினைப்பது இயல்பு. கனடாவுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குச் சாதாரண ஈ.ஐ. கிடையாது. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்கு, கடுமையாக நோயுற்ற உறவினரைப் பார்ப்பது, வேலை நேர்முகம் போன்றவற்றுக்கு 7 தொடர் நாட்கள் வரை விலக்கு உண்டு. கோயில் திருவிழாவும் கலியாணமும் அதில் இல்லை. அறிக்கையில் வெளிநாடு போனீர்களா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். எல்லைக் காவல் அலுவலகத்தின் பயணப் பதிவுகள் சேர்விஸ் கனடாவுக்குப் போகின்றன. சொல்லிவிட்டுப் போனால் அந்த நாட்களின் பணம் மட்டும்தான் இல்லை. மறைத்தால் தண்டம்.

9. மறுத்துக் கடிதம் வந்தால்

கடிதத்தில் காரணம் இருக்கும். மணித்தியாலம் போதாது என்றால் ஆர்.ஓ.ஈ. எல்லாம் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். ஒன்று வராமல் இருந்தாலே கணக்கு விழுந்துவிடும். நீங்களாக விட்டீர்கள் என்றால் டெக்ஸ்ட், மின்னஞ்சல், மருத்துவக் கடிதம் என்று தேடி எடுங்கள்.

முடிவு உங்களுக்குத் தெரிந்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால், அடுத்த 30 நாளுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தின் பொதுப் பிரிவுக்குப் போகலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஒன்ராறியோவில் குறைந்த வருமானக்காரருக்கு இலவசச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன. ஸ்காபரோவில் இருப்பவர்கள் ஸ்காபரோ கம்யூனிட்டி லீகல் சேர்விசஸில் விசாரிக்கலாம். கடிதம் வந்த கிழமையே போங்கள், 28 ஆம் நாள் போனால் அவர்களுக்கும் ஒன்றும் செய்ய நேரம் இருக்காது.

வழக்கு நடக்கும் மாதங்களில் பணம் வராது என்றாலும் இரண்டு கிழமை அறிக்கையை நிறுத்தாதீர்கள். கணினி ஏற்க மறுத்தால் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்டு, கதைத்த தேதியையும் குறித்து வையுங்கள். வென்ற பிறகு நிலுவையைக் கணக்கிடும்போது, நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்ததாகக் காட்டிய கிழமைகளுக்குத்தான் பணம் தருவார்கள்.